ஏசம்மாளின் வலது கை

ஸ்ரீவில்லிபுத்தூர் படக்கடைத் தெருவில் வார்னிஷ் வாடையும் காபிக்கொட்டை வறுக்கும் மணமும் கலந்தே இருக்கும். சட்டம் போடுகிறவர்கள், கண்ணாடியில் சாமி படம் எழுதுகிறவர்கள், போட்டோ ஸ்டூடியோக்கள், நடுநடுவே காபி கிளப்புகள். 1934 சித்திரையில் ஒரு பகல், பதினொன்றரை மணிக்கு, எலியேசர் காமிராப் பெட்டியுடன் தன் ஸ்டூடியோவுக்குத் திரும்பினார்.

பக்கத்துக் காபி கிளப் குருசாமி வழிமறித்தார். "என்னலே, செத்தவிய சிரிச்சாவளா?"

"சிரிக்காட்டி என்ன? அவியள மாதிரி அசையாம இருக்க, உசுரோட ஒருத்தனாலயும் ஏலாது."

தொழில் தெரிந்த பேச்சு அது. இருட்டான கூடத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றி எட்டு வரை எண்ண வேண்டும். அதற்குள் அசைந்தது எதுவும் கண்ணாடித் தகட்டில் புகையாகத்தான் விழும். இறந்தவர் மட்டும் செதுக்கியதுபோல் விழுவார். இன்று சத்தியநேசன், வழக்கப்படி, இறந்த மனைவி ஏசம்மாளை நாற்காலியில் இருத்தி, இடுப்பைத் துணியால் கட்டி, அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு அடக்கம்.

எலியேசர் இருட்டறைக்குள் போய்த் தாழிட்டார். சிவப்பு விளக்கடியில் தகட்டை மருந்தில் ஆட்டினார். நாற்காலி தெளிந்தது. சத்தியநேசன் தெளிந்தார். ஏசம்மாளின் முகமும் தெளிந்தது.

வலது கை இல்லை.

கை இருக்கவேண்டிய இடத்தில் மடியிலிருந்து மார்புவரை ஒரு புகை.

காமிரா ஆடியிருந்தால் நாற்காலியும் கலங்கியிருக்கும். அசைந்தது அவள் மட்டும்தான்.

அடக்கத்தை நிறுத்த ஓட வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுத் தகடு கறுத்துவிடும்; தகடு இல்லாமல் யார் நம்புவார்கள்? ஹைப்போ நீரில் பத்து நிமிடம் ஊறினால் படம் நிலைத்துவிடும். அதன்பின் அது மாறவே மாறாது.

அவர் காத்திருந்தார்.

நிமிடம் தாண்டி நிமிடம் போனது. தெருக்கோடி வேதக் கோயிலில் அடக்க மணி ஒலித்தது.

தகட்டை எடுத்துக்கொண்டு தாழை நீக்கினார். தாழ் விலகியது. கதவு அசையவில்லை. தோளால் முட்டினார். அந்தப் பக்கம் ஏதோ பாரம்.

பொத்.

பலகைமேல் மண் விழும் சத்தம். பொத். பொத். ஒவ்வொருவராகப் பிடிமண் போடுவதுபோல.

புதுப் பலகை வாடை வந்தது. விளக்கு சுருங்கி அணைந்தது. மூச்சு முட்டியது. அவர் கதவைத் தட்டினார். அவர் கைக்குக் கீழே, இருட்டில், இன்னொரு கை அதே கதவைப் பிறாண்டியது.

"திறங்க அண்ணாச்சி," என்றது ஒரு பெண்குரல், காதோரம்.

கதவு திறந்தது. வெளியே குருசாமி. "சும்மாதானலே சாத்திக் கெடந்துச்சு. உள்ள யாரு கூட? ரெண்டு பேரு தட்டுறாப்புல கேட்டுச்சே."

எலியேசர் தகட்டோடு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினார். மண் மேடாகிவிட்டிருந்தது. தோண்டச் சொல்லிக் கெஞ்சினார். சத்தியநேசன் தகட்டை வாங்கி வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கை மடியிலதான இருக்கு, அண்ணாச்சி."

இருந்தது. நகம்கூடத் தெளிவாக.

யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. நிலைத்த படம் மாறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தவரே அவர்தான்.

ஆடியில் எலியேசர் ஊரைவிட்டுப் போனார். இருட்டறையைக் குருசாமி காபிக்கொட்டை மூட்டை அடுக்க எடுத்துக்கொண்டார். கதவின் வெளிப்பக்கம் வழுவழுப்பு. உட்பக்கம் நகக் கீறல்கள். இழைத்துப் பார்த்தார், வர்ணம் அடித்தும் பார்த்தார்.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும், அந்தக் கதவடியில் கிடக்கும் புது மரத்தூளைத்தான் முதலில் கூட்டுகிறார்.