சீனி போட்டாச்சா?

கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தது. லோர்னா டைசன் துணியால் துடைத்தாள், போகவில்லை. வாயால் ஊதி, ஈரமாக்கி, மறுபடி தேய்த்தாள். அப்புறம்தான் புரிந்தது, அது அந்தப் பக்கம் இருக்கிறது.

அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. அணுக்கழிவுத் திரவத்தை உலர்த்தி, கண்ணாடித் தூளோடு உருக்கி, எஃகுக் குடுவையில் இறுக வைக்கும் அறை அது. ஒரு மீட்டர் தடித்த மஞ்சள் ஜன்னலுக்கு இப்பால் நின்று, இயந்திரக் கைகளால்தான் வேலை. முப்பது வருஷமாக அங்கே மனிதக் கால் பட்டதில்லை.

மதியம் மூன்றரை. ஐரிஷ் கடலிலிருந்து வந்த மழை கூரையில் விடாமல் இரைந்துகொண்டிருக்க, உலையின் தாழ்ந்த முனகல் தரை வழியாக ஏறி அவள் முழங்கால்வரை அதிர்ந்தது. ரேகைக்குப் பக்கத்தில் இன்னொன்று மெல்லக் கறுத்து எழுந்தது.

ருத்தீனியம். கழிவில் கிடக்கிற உலோகம், சூடேறினால் ஆவியாகிப் பறக்கிற சனியன். எண்ணெய்ப் பசை கண்ட இடத்தில் கரியாக ஒட்டும். ஜன்னலைப் பொருத்தியவன் விட்டுப்போன கைத்தடமாக இருக்கும். ஆனால் அந்த ஆவியை அடக்கத்தானே திரவத்தோடு சீனிக் கரைசல் விடுகிறோம்?

சீனி மானியைப் பார்த்தாள். பூஜ்யம்.

ஷிஃப்ட் மாறும்போது, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி, கூட வேலை பார்க்கும் பெரியவர் வில்ஃப் கேட்டிருந்தார்:

"சீனி போட்டாச்சா, தாயி?"

"ரெண்டு கரண்டி. உங்க தொப்பைக்கு அதுவே ஜாஸ்தி."

சிரித்துக்கொண்டே, உலை ஆவியை வடிகட்டுகிற மேல் அறைக்குப் போய்விட்டார். பாவி மனுஷன், டீக்கு இல்லை, உலைக்குச் சீனி போட்டாச்சா என்று கேட்டிருக்கிறார்.

வால்வைத் திறந்தாள். ஃபோனை எடுத்தாள்.

"வில்ஃப், கீழ வந்துடுங்க! சீனி போகல. தப்பு என்னோடதுதான். ஆவி உங்க பக்கம் வருது."

"அதான் குழாய் இப்படிக் கொதிக்குதா? வடிகட்டி மூடிய இப்பத்தான் கழட்டினேன். பதறாத, வர்றேன்."

முள் ஏறியது. சீனி ஓடியது. ஆவியின் அளவு இறங்கியது. லோர்னாவுக்கு மூச்சு வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் தடங்கள் நிற்கவில்லை.

விரல்கள். பிறகு உள்ளங்கைகள். ஒன்று பதிந்து, வழுக்கி, அடுத்தது. இருட்டில் சுவரைத் தடவி வழி தேடுகிற ஆள் போல.

ஃபோன் அடித்தது.

"வந்துட்டேன், தாயி. கதவத் தெற."

தாழ்வாரக் கதவு திறந்தேதான் கிடந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"இங்க ரொம்பச் சூடா இருக்கு. ஏன் பின்னால போற?"

அவள் அப்போதுதான் ஓரடி பின்வாங்கியிருந்தாள்.

ஜன்னலில் இரண்டு உள்ளங்கைகள். நடுவே ஒரு நெற்றி. மூக்கு. திறந்த உதடுகள். எல்லாம் கரியாக.

"தாயி..."

காதில் வில்ஃப் மூச்சு விட்டார். கண்ணாடியின் அந்தப் பக்கம், உதடுகளுக்கு நேராக, ஆவி படிந்து மங்கியது. மூச்சை இழுத்தார். தெளிந்தது. மறுபடி மங்கியது.