வாழ்த்து சொல்லாத வாய்

ஆம்ஸ்டல் ஆற்றில் மிதந்து வந்த பிணம்... இருமியது!

மணல் படகுக்காரர் காபிக் கோப்பையைத் தவறவிட்டார். கொக்கியால் இழுத்துப் பிணத்தைப் படகில் போட்டார்.

பிணம் கண்ணைத் திறந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்று முனகியது. "எனக்குப் பொறந்தநாள்!"

ஆஸ்பத்திரி.

தலையில் கட்டுடன் கிடந்தார் ஹெஸ்ஸல். பெரிய நிர்வாக ஆலோசனைக் கம்பெனியின் பங்குதாரர். பயிற்சி ஊழியராக நுழைந்து, இருபத்தேழு வருஷமாக ஒரு படி விடாமல் ஏறியவர். நாளை அவரை ஐரோப்பா முழுமைக்கும் தலைவராக அறிவிக்கப் போகிறார்கள்.

உயிரோடு இருந்தால்!

"படகுத் துறையில பின்னாலேருந்து யாரோ துடுப்பால அடிச்சாங்க," என்றார். "தினம் காலையில தனியா படகு ஓட்டுவேன். அது தெரிஞ்ச யாரோதான்."

"எதிரிங்க உண்டா?" இன்ஸ்பெக்டர் சீட்ஸ்கே கேட்டாள்.

"நான் ஆலோசனை சொல்லப் போற கம்பெனியில பாதிப் பேருக்கு வேலை போயிடும்."

"அப்போ பாதி நாட்டையே பிடிச்சு உள்ள போடணும். சரி... நீங்க போயிட்டா உங்க நாற்காலி யாருக்கு?"

ஹெஸ்ஸலுக்குச் சுருக்கென்றது.

"ரூலோஃபுக்கு. ஆனா அவனை விடுங்க. நான் வேலைக்கு எடுத்தவன். என் கல்யாணத்துக்கே சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். தம்பி மாதிரி!"

"தம்பிங்கதான் சார் எங்களுக்கு நிறைய வேலை வைக்கறாங்க."

"அவனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" ஹெஸ்ஸல் எகிறினார். "பத்து மணிக்கு என் வீட்டுல காபி, கேக். வருஷா வருஷம் வாசல்லேருந்தே கத்திக்கிட்டு வந்து முதல்ல என் பொண்டாட்டிக்கு வாழ்த்து சொல்றவன் அவன்தான். போய்ப் பாருங்க!"

சீட்ஸ்கே சிரித்தாள்.

"நீங்க பொழைச்சது இன்னும் யாருக்கும் தெரியாது. நீங்களே கேளுங்களேன்!"

ஹெஸ்ஸலின் வீடு.

படகு கிளப் சிநேகிதி என்று சொல்லிப் பூங்கொத்தை நீட்டினாள் சீட்ஸ்கே. காகிதத்துக்குள், தண்டுகளுக்கு நடுவே அவளுடைய செல்போன். மறுமுனையில் ஹெஸ்ஸல். கட்டிலருகே ஒரு கான்ஸ்டபிள்.

பூங்கொத்தை வாங்கி அணைத்துக்கொண்டாள் மார்லூஸ். ஹெஸ்ஸலின் மனைவி.

"அவர் இன்னும் ஆத்துலேருந்து வரல. வந்துடுவார், உக்காருங்க!"

இந்த ஊரில், பிறந்தநாள்காரனுக்கு மட்டும் வாழ்த்து சொன்னால் போதாது. மனைவிக்கு, மாமியாருக்கு, பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு... அத்தனை பேருக்கும் சொல்லியாக வேண்டும். யோசித்துச் சொல்வதில்லை. அதுவாக வாயில் வரும்.

"மார்லூஸ்! வீட்டுக்காரர் பொறந்தநாளுக்கு வாழ்த்துகள்!" பக்கத்து வீட்டு கெர்டா.

"தேங்க்ஸ் கெர்டா! உனக்கும் வாழ்த்துகள்!"

கணீரென்ற குரல். கட்டிலில் ஹெஸ்ஸல் கலங்கினார். பாவம், ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறாளே!

வாசல் மணி.

"ரூலோஃப்! வா, வா!"

ஹெஸ்ஸல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சொல்லுடா... சொல்லித் தொலைடா!

"மார்லூஸ்... நான் இருக்கேன். எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளு."

அவ்வளவுதான்!

"என்ன ரூலோஃப்," கெர்டா கேட்டாள். "எழவு வீட்டுக்கு வந்த மாதிரி பேசறே?"

ஹெஸ்ஸலின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"டை கட்டக்கூட நான்தான் கத்துக்கொடுத்தேன், கான்ஸ்டபிள்..."

கான்ஸ்டபிள் உதட்டில் விரல் வைத்தான். போனில் காலடிச் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பூவைக் குவளையில் வைக்க மார்லூஸ் சமையலறைக்கு வந்திருந்தாள்.

தனியாக அல்ல!

"ஏன்டா சொல்லல?" சீறினாள்.

"வாய் வரல மார்லூஸ்... என் கையால தண்ணியில தள்ளினவனுக்கு எப்படிப் பொறந்தநாள் வாழ்த்து..."

"நான் வர்றவங்ககிட்ட எல்லாம் பல்லக் காட்டிக்கிட்டு வாங்கிக்கல? நேத்தே படிச்சுப் படிச்சு சொன்னேனே! நாளைக்கு நாற்காலி உனக்கு. அப்புறம் நமக்கு யார்டா தடை? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

ஹெஸ்ஸல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவளுமா? தலைக்காயம் மறந்துபோனது. நெஞ்சுதான் தாங்கவில்லை.

கதவுக்கு வெளியே காதை வைத்து நின்ற சீட்ஸ்கே, பட்டென்று திறந்தாள். கையில் போலீஸ் அட்டை!

"ரெண்டு பேரும் கிளம்புங்க."

"எதுக்கு?" மார்லூஸ் பதறினாள். "ஐயோ... என் புருஷனுக்கு என்ன ஆச்சு?"

"அவரையே கேளுங்க."

சீட்ஸ்கே பூக்களை விலக்கி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் ஒரு விம்மல். பிறகு உடைந்த குரல்.

"ரூலோஃப்... உனக்கு வேலை இல்ல. மார்லூஸ்... உனக்கு வீடு இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"எந்தக் கம்பெனியிலயும் இவ்வளவு சீக்கிரமா நான் ஆள் குறைச்சதில்ல!"