பத்தாவது கூழாங்கல்

எஸ்டேட் போன்களைப் பழுதுபார்க்கும் வெள்ளைத்துரையின் போடிக் கடைக்கு, 1978 ஐப்பசியில் ஒரு காலை, குரங்கணி எஸ்டேட்காரி அன்னக்கொடி ஜீப்பில் வந்து இறங்கினாள். போன் நன்றாகத்தான் இருந்தது. அதில் பேசிய இரண்டு பேரில் யார் பொய்யன் என்று சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள் அவளுக்கு மூன்று. ஒரு பெரிய லோடை மூன்றிலும் பிரித்துப் போட்டு, எல்லாம் ஒரே பச்சையாக வரும்படி ஒன்றரை நாள் சூடு கொடுப்பார்கள். கீழ் ஸ்டோரில் இருக்கும் சூப்பர்வைசர் ஜக்கையன், எப்போது அடுப்பில் விறகு போடுவது என்று மற்ற இரண்டு ஸ்டோர்களுக்கும் போனில் சொல்வார். முந்தாநாள் மேல் ஸ்டோரில் சூடு மிஞ்சி, காய் வெளுத்து வெடித்துவிட்டது. ஒன்பது தடவைதான் போடச் சொன்னேன் என்று ஜக்கையன் நோட்டைக் காட்டினார். பத்துத் தடவை என்று அடுப்புக்காரர் பால்சாமி அடித்துச் சொன்னார். நோட்டு ஜெயித்தது. மாலை ஜீப்பில் பால்சாமி குடும்பத்தோடு, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"அசந்து தூங்கிட்டு, முழிச்ச பயத்துல விறகை அள்ளிப் போட்டிருப்பாருண்ணே" என்றான் வெள்ளைத்துரையின் மைத்துனன் பால்பாண்டி. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

மேல் ஸ்டோர் வாசலில் பால்சாமியின் மனைவி சோலையம்மாள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கவே சங்கடமாக இருந்தது. எழுதத் தெரியாத பால்சாமி, ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு கூழாங்கல்லை டப்பாவில் போடுகிறவர். டப்பாவில் பத்துக் கல் இருந்தது. காய் கெட்ட பிறகும் ஒன்றைப் போட்டிருக்கலாமே என்றான் பால்பாண்டி. போட்டிருக்கலாம்தான் என்று வெள்ளைத்துரையும் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு லைன் அறுந்ததா என்று மட்டும் கேட்டார். ஒன்பதாவது கல் போட்டதும் இடி இடித்து, போன் கொஞ்ச நேரம் செத்துப்போனதாக பால்சாமி சொன்னார்.

அடுத்து நடு ஸ்டோருக்குப் போனார்கள். மூன்று ஸ்டோருக்கும் ஒரே கம்பி என்பதால் எந்த அழைப்பும் எல்லா இடத்திலும் மணியடிக்கும். மூன்று முறை மணியடித்தால் மேல் ஸ்டோருக்கு. அங்கே காய் பார்க்கும் மருதாயி யோசித்துச் சொன்னாள்.

"மூணு மணி அடிச்சுச்சு, இடி விழுந்துச்சு. நான் வெத்தலை போட்டு முடிக்கல, திரும்பவும் மூணு மணி."

வெள்ளைத்துரை எல்லோரையும் கீழ் ஸ்டோருக்கு வரச்சொன்னார்.

"ஒன்பதாவதா விறகு போடச் சொன்னதும், பால்சாமி 'போட்டாச்சு'ன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"எங்கண்ணே, லைன்தான் போயிருச்சே. திரும்ப வந்ததும் அதையேதான் மறுபடி சொன்னேன்" என்றார் ஜக்கையன்.

"அங்கேதான் இருக்கு. நீங்க சொன்னது அவருக்குப் போயிருச்சு. அவர் பதில் உங்களுக்கு வர்றதுக்குள்ள லைன் அறுந்துருச்சு. மறுபடி சொன்னது உங்களுக்குப் பழைய ஒன்பதாவது, அவருக்குப் புதுசா பத்தாவது. ரெண்டு பேரும் பொய் சொல்லல."

ஜக்கையன் நோட்டை மெதுவாக மூடினார். மணிச் சத்தம் இரண்டு தடவை கேட்டதால் பால்சாமி பத்தாவது கல்லைப் பிறகு சேர்க்கவில்லை என்பது உறுதி என்றார் வெள்ளைத்துரை. இனி ஒவ்வொரு உத்தரவும் எத்தனையாவது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்பவர் கல்லை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அன்னக்கொடிக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த லோடு மதியம் ஏறட்டும், அதுவரை ஜீப் நிற்கட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றாள். பால்சாமி மேல் ஸ்டோர் அடுப்புக்குத் திரும்பினார்.

மூன்றாவது உத்தரவு போய்ச் சேர்ந்த நொடியில் வெள்ளைத்துரை யாருக்கும் சொல்லாமல் கம்பியைப் பிடுங்கினார். சற்றுப் பொறுத்து மாட்டினார். பதில் கிடைக்காத ஜக்கையன் மறுபடி மூன்று மணி அடித்து, "மூணாவது, நாலு கட்டை போடு" என்றார்.

மேலே பால்சாமி விறகைத் தொடவில்லை. டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்.

"மூணு கல்லு கெடக்கு. போட்டாச்சுங்க."

அன்னக்கொடி போனைத் தானே வாங்கினாள். "பால்சாமி அண்ணே, தப்பு எங்க பக்கம். மூட்டையை அவுக்கச் சொல்லுங்க" என்றாள்.

சோலையம்மாள் மூட்டையிலிருந்து முதலில் உலைப்பானையை எடுத்தாள்.