செவல்குறிச்சிக்கு வந்த விருந்தாளிகள்

சாயங்கால மிதவண்டி செவல்குறிச்சியில் நின்றபோது இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தி கோமதி. இன்னொருவர் ஊர் தெரியாமல் இறங்கிவிட்டவர். கழுத்தை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தார், "அய்யோ, இது இல்லியே!" என்று பதறி மறுபடி ஏறிக்கொண்டார். வண்டி தண்டவாளத்துக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி சத்தமில்லாமல் போய்விட்டது.

மேடைத் தூணில் இருந்த புதுக்கண்மானி டிங் என்றது.

"கணக்குல ஒண்ணு ஏறிட்டு!" என்று குதித்தான் திரவியம். மனைவியை அழைத்துப்போக வந்தவன்தான். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தது மணிக்கட்டில் கட்டியிருந்த கைத்திரையை.

"நானுந்தான் இறங்கினேன். எனக்கு அடிக்கலியே?" என்றாள் கோமதி.

"நீ உள்ளூர்க்காரிதான. உனக்கு எப்பிடி அடிக்கும்?" என்று தலை நிமிராமலே சொன்னான். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டதையும் தலை நிமிராமலேதான் செய்தான். பெரிய திறமைதான் போங்கள்!

அவனையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. வருகைச் சட்டம் வந்த பிறகு, ஓர் ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அரசாங்கம் கேட்பதை நிறுத்திவிட்டது. எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள் என்பதுதான் கேள்வி. பாலமா, பள்ளிக்கூடமா, மிதவண்டி நிறுத்தமா, எல்லாம் அந்தக் கணக்குப்படிதான். ஆரம்பத்தில் விடுதிகளைக் கேட்டு எண்ணினார்கள். விடுதிக்காரர்கள் செத்துப்போன சித்தப்பா பெயரில் எல்லாம் அறை போட்டார்கள். பிறகு ஊர் எல்லையில் வாசல் வைத்து எண்ணினார்கள். அந்த வாசல் வழியாக ஆடுகளைக்கூட நாலு தடவை உள்ளே விட்டு வெளியே விட்டார்கள். ஆளின் முகம், பேர், ஊர் எதையும் விசாரிக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வேறு குறுக்கே நின்றது. என்னதான் செய்வார்கள் பாவம்?

அப்போதுதான் புதுக்கண்மானி வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் கவனித்த விஷயம் ரொம்பச் சாதாரணம். பழகின இடத்தில் மனிதன் எதையும் பார்ப்பதில்லை, ஞாபகத்திலேயே நடந்துபோய்விடுகிறான். புது இடத்தில்தான் அவன் கழுத்து திரும்பும், நடை தயங்கும், கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று நகரும். மானி அதை மட்டும் பார்க்கும். புதுக்கண் என்றால் விருந்தினர், பழங்கண் என்றால் குடியிருப்பவர். நடையை வைத்து ஆள் மாறாமல் எண்ணும், ஆனால் அவர் யார் என்று அதற்குத் தெரியாது. ஒரு தடவை புதுக்கண்ணாக விழுந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு அவர் விருந்தினர்தான். ஏமாற்ற முடியாது. வேண்டுமென்றே கழுத்தைத் திருப்பினால் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

செவல்குறிச்சிக்குக் கிடைத்த நிறுத்தம் சோதனை நிறுத்தம். தீபாவளிக்குள் மூவாயிரம் விருந்தினர் சேராவிட்டால் வண்டி நிற்காது. அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது? அருவி கிடையாது, கடல் கிடையாது. இருக்கிற கோயிலும் பக்கத்து ஊரில் இருப்பதைப் போலவேதான் இருக்கும். கோமதிக்குச் சென்னையில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. நிறுத்தம் வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வந்துபோவாள். கல்யாணமாகி மூன்று வருஷம் அப்படியே போனில் ஓடிற்று. இப்போது தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். நிறுத்தம் போனால் மறுபடி அதே கதி. அந்தப் பயத்தில்தான் திரவியம் நகராட்சியின் வருகை அலுவலர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து கைத்திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நகராட்சித் தலைவி ஞானப்பூ அக்காவும் சும்மா இருக்கவில்லை. நிறுத்தத்தைக் காட்டி ஓட்டு வாங்கியவள் அவள். ஊர் நடுவில் பாட்டுக்கு ஆடும் நீரூற்று ஒன்று வைத்தாள். ஊருக்கே நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும் என்பதால் நீரூற்றும் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் ஆடியது. அதைப் பார்க்க வந்தவர்களும் குடத்தோடுதான் வந்தார்கள்.

ஆடி மாதம் பிறந்தது. கணக்கு நானூறைத் தாண்டவில்லை. ஒருநாள் அடித்த காற்றில் கடைத்தெருவில் இருந்த ஒளித்தட்டிகள் எல்லாம் மளமளவென்று சரிந்துவிட்டன.

ஒளித்தட்டி இல்லாத செவல்குறிச்சியை யாரும் பார்த்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பிறந்தநாள், பணி ஓய்வு, கண்ணீர் அஞ்சலி, அஞ்சலிக்கு வந்தவர்களுக்கு நன்றி, எதற்கானாலும் மாடி உயரத்துக்கு ஒரு தட்டி நிற்கும். அதில் முகங்கள் அசையும், சிரிக்கும், பேர் சொல்லிக் கூப்பிடும். பத்துக் கடைக்கு ஒரு ஞானப்பூ அக்கா நின்று, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து கும்பிடுவாள்.

மறுநாள் காலையில் திரவியத்தின் கைத்திரை கிடந்து துடித்தது. கடைத்தெரு மானி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ சுற்றுலாப் பேருந்துதான் வழி தப்பி வந்துவிட்டது என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். கடைத்தெருவில் ஒரு வெளியூர்க்காரனும் இல்லை. பால்கடைக்காரர், இறைச்சிக்கடைக்காரர், பூ வாங்க வந்த பெண்கள், எல்லாரும் தெரு நடுவில் அண்ணாந்து நின்றார்கள்.

தட்டிகள் விழுந்த இடத்தில் வரிசையாக மாடிகள் தெரிந்தன. சுதையில் செய்த கிளிகள், பச்சை மரச் சன்னல்கள், ஒரு மாடியில் முளைத்துப் பூத்துக் கிடந்த போகன்வில்லா. தெரு முடிகிற இடத்தில், மேற்கே, வானத்தை அடைத்துக்கொண்டு நீலமாக மலை.

"வே, இந்த மலை எப்ப வந்துச்சு?" என்றார் பால்கடைக்காரர்.

"மலை எப்பவே வரும்? கூறுகெட்டதனமா கேக்கீரு" என்றார் இறைச்சிக்கடைக்காரர். ஆனால் அவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார்.

திரவியம் மலையைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தான். அது ஏற ஏற அவனுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அங்கிருந்து ஒரே ஓட்டமாக நகராட்சிக்கு ஓடினான்.

"அக்கா, ஊர்ல உள்ள எல்லாத் தட்டியையும் கழட்டணும்."

"எல்லாத்தையுமா? என் மூஞ்சியையுமா?" என்று எழுந்தே விட்டாள் ஞானப்பூ.

"ஒங்க மூஞ்சியத்தான் மொதல்ல கழட்டணும். மலைய மறைச்சிக்கிட்டு நிக்கி."

"வாய் நீளுது தம்பி ஒனக்கு!"

"நம்ம ஆளுவளே ஊரப் புதுசாப் பாக்காவக்கா. மானிக்கு அவங்களும் விருந்தாளிதான். எந்த ஊருன்னு கேக்க அதுக்குச் சட்டமில்ல. நிறுத்தம் வேணுமா, ஒங்க மூஞ்சி வேணுமா?"

ஞானப்பூ சன்னலுக்கு வெளியே தட்டியில் மின்னிக் கும்பிட்ட தன்னையே ஒரு தடவை ஆசையாகப் பார்த்துக்கொண்டாள். "சரி, சவத்தக் கழட்டு" என்றாள்.

வாரத்துக்கு ஒரு தெரு என்று கழற்றினார்கள். அடேயப்பா, அதற்குப் பிறகு ஊரைப் பார்க்க வேண்டுமே! இந்த வாரம் எந்தத் தெரு திறக்கிறது என்று சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகுட்டிகளோடு கூட்டம் கிளம்பிவிடும். தெற்குத் தெருவில் ஓர் அத்திமரமே மறைந்து கிடந்தது. ஊரார் வந்து பார்க்கிறார்கள் என்பதால் வீட்டுக்காரர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் ரோஷப்பட்டு மஞ்சள் அடித்தார்கள். தினம் ஏதாவது மாறிக்கொண்டே இருந்ததால், எல்லாரும் தினம் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே கிளியை அண்ணாந்து பார்க்கப்போய் முட்டிக்கொண்டு பேசிவிட்டார்கள்.

மூவாயிரம் என்ன, பதினோராயிரம் வந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரமே உத்தரவும் வந்துவிட்டது. மிதவண்டி இனி செவல்குறிச்சியில் நிரந்தரமாக நிற்கும். அன்றைக்குத் திரவியம் அழுதேவிட்டான், கைத்திரை நனைகிற அளவுக்கு.

உத்தரவின் பின்னாலேயே சென்னையிலிருந்து கணக்காய்வர் இன்பசாகரன் வந்து இறங்கினார். நகராட்சியில் அவருக்கு மாலை, பன்னீர் எல்லாம் தடபுடலாக நடந்தது.

"வாழ்த்துகள். விருந்தினர் எண்ணிக்கையில மாவட்டத்துலயே நீங்கதான் முதல்" என்றார். "ஒரே ஒரு சந்தேகம். இந்த ஊர்ல குடியிருக்கறவங்க எத்தனை பேர்?"

"பதினோராயிரம் பேர் இருப்பாவ" என்றாள் ஞானப்பூ பெருமையாக.

"இல்லைங்க. மானிக் கணக்குப்படி ஒருத்தர்."

"ஒருத்தரா? அப்ப நான் யாரு?"

"நீங்க விருந்தினர். எத்தனை நாளா தங்கியிருக்கீங்க?"

"அம்பத்தெட்டு வருசமா!"

இன்பசாகரன் சங்கடமாக நெளிந்தார். "விருந்தினர் முப்பது நாளுக்கு மேல ஒரே ஊர்ல தங்கக் கூடாதுங்க. போயிட்டுத்தான் திரும்பி வரணும். ஆனா ஒரு வழி இருக்கு. ஒரு குடியிருப்பவர் இருக்கற வரைக்கும் நகராட்சி செல்லும். நகராட்சி நினைச்சா விருந்தினர் தங்கறதை எவ்வளவு நாளுக்கும் நீட்டிக்கலாம். அந்த ஒருத்தரும் இல்லேன்னா யார் நீட்டிக்கறது?"

"யாரு அந்த ஒருத்தன்?"

"பேர் தெரியாதுங்க. நடை மட்டும்தான். வீட்டுலேருந்து நகராட்சி, நகராட்சியிலேருந்து ஸ்டேஷன். ஆடியிலேருந்து ஒரு தடவைகூடத் தலை நிமிரல."

அறையில் இருந்த எல்லாரும் ஒரே திசையில் திரும்பினார்கள். அங்கே மூலையில் திரவியம் கைத்திரையைத் தட்டிக்கொண்டிருந்தான். "ஆமா, ஒண்ணுன்னுதான் காட்டுது" என்றான், இன்னும் நிமிராமல்.

அன்று முதல் செவல்குறிச்சியின் பதினோராயிரம் விருந்தாளிகளும் திரவியத்தைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பார்த்துக்கொண்டார்கள். "குனிஞ்சே நடங்க அண்ணாச்சி!" என்று கடைக்குக் கடை குரல் வரும். தையல்காரர் நெற்றி மறைக்கும் தொப்பி ஒன்று தைத்துவந்து மாட்டிவிட்டார். அத்திமரத் தெருவில் அவன் கால் வைத்தாலே நாலு பேர் கையைப் பிடித்து வேறு தெருவுக்கு இழுத்துப் போனார்கள். ஞானப்பூ அக்கா காலையும் மாலையும் வாசலுக்கு வந்து நிற்பாள். "தம்பி, நீ நிமிந்தேன்னா என் நாற்காலி போச்சு, ஊரும் போச்சு. நெனப்புல இருக்கட்டும்" என்பாள். திரவியத்துக்கும் பெருமைதான். ஊரையே தன் உச்சந்தலையில் தாங்குவதாக நினைத்துக்கொண்டான்.

கோமதிக்கு அந்தப் பெருமை எல்லாம் பிடிபடவில்லை. ஒரு வாரம் பொறுத்தாள். இரண்டு வாரம் பொறுத்தாள். கார்த்திகை தீபத்தன்று சாயங்கால வண்டியில் வந்து இறங்கினாள். ஊரெங்கும் மாடி மாடியாக அகல் விளக்கு, மலைக்கு எதிரே, கிழக்கில் முழு நிலா. மேடையில் தொப்பியோடு குனிந்து நின்ற அவள் புருஷன், குனிந்தபடியே பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நிலாவைப் பாத்தியளா?"

"பாக்கக் கூடாதுல்லா."

"என்னையவாது பாப்பியளா?"

"கோமதி, ஒன்னப் பாக்க நிமிந்தாலும் மானி..."

"நிறுத்துங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "மூணு வருசம் போன்ல ஒங்க மூஞ்சியவாது பாத்தேன். இப்ப தெனமும் வண்டி பிடிச்சு நேர்ல வாரேன். உச்சந்தலையத்தான் பாக்கேன். நான் எதுக்கு வரணும்? இதுக்குப் பேசாம சென்னையிலயே இருந்திருக்கலாம்."

திரவியத்துக்கு எதற்காக இந்த வேலையை வாங்கினோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, இவள் வருவதற்காக அல்லவா எண்ண ஆரம்பித்தேன்! தொப்பியைக் கழற்றினான். அவனுக்குக் காவலாக மேடைக்கு வெளியே நின்ற கூட்டம் "வேண்டாம் அண்ணாச்சி!" என்று அலறியது.

அவன் நிமிர்ந்தான். கோமதியின் கன்னத்தில் மின்தூக்கி மசகு கொஞ்சம் ஒட்டியிருந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு, அது எப்போது வந்தது என்றே அவனுக்குத் தெரியாது. ஒரு பக்க முடியை வெட்டியிருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்குப் பின்னால் விளக்குகள், அதற்கும் பின்னால் அந்த மலை. அவன் கழுத்து தானாகத் திரும்பியது, கண் ஒவ்வொன்றிலும் நின்று நின்று நகர்ந்தது, மறுபடி அவளிடமே வந்து நின்றது. இவ்வளவு அழகானவளையா இத்தனை நாள் பார்க்காமல் இருந்தேன் என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டிங்.

"போச்சுடா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள் ஞானப்பூ அக்கா.

தூணிலிருந்து கனிவான ஒரு குரல் வந்தது. அந்த நிலையத்தில் அதுவரை யாரும் கேட்டிராத குரல். "செவல்குறிச்சிக்கு நல்வரவு. தாங்கள் வழி தவறி வந்திருந்தால், உள்ளூர்க்காரர் யாரையேனும் கேளுங்கள்."

"நாந்தான் உள்ளூர்க்காரன்" என்றான் திரவியம், கோமதியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"மன்னிக்கவும். இந்த ஊரில் யாரும் குடியிருக்கவில்லை. தாங்கள் முப்பது நாள் தங்கலாம்."

பதினோராயிரம் பேர் முப்பது நாளில் எங்கே போவது? கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் தோளிலிருந்த பையை வாங்கினாள்.

"போனாப் போவுது. மாசத்துக்கு ஒருதரம் ஊரே கூட்டமாப் போயி, நாலு ஊரச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வருவோம்" என்றாள். "அதான் வண்டி இங்க நிக்குதுல்லா."