கருவாட்டு மூலை

சோழப் பேரரசின் யானைப் படை முகாமிட்ட புனித மண்ணில், ஆயிரம் ஆண்டு வணிக மரபின் தொடர்ச்சியாக 'ராஜ் ஹைப்பர் மார்ட்' தலைநிமிர்ந்து நிற்கிறது என்று வாசல் பளிங்கில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அங்கே யானை கட்டியதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை. கருவாடு விற்றதற்குத் தஞ்சாவூரில் பாதிப் பேர் சாட்சி.

பழைய மார்க்கெட்டின் ஒரு பகுதியை இடித்து காம்ப்ளெக்ஸ் கட்டியபோது, குவைத்திலிருந்து திரும்பியிருந்த குழந்தைராஜ் தரைத்தளம் முழுவதையும் வாடகைக்கு எடுத்தார். பாலைவனத்தில் வெந்து சேர்த்தது, மனைவி ஜூலியட்டின் நகை, பாங்க் கடன் எல்லாம் அந்த ஒரு கடைக்குள் போயின. கடை படுத்தால் மறுபடி விமானம் ஏறுகிற வயசு இல்லை.

உள்ளே ஒரு சுவர் முழுக்க 'நம் அங்காடியின் வரலாறு'. வெற்றிலை மண்டிக்காரர்கள், கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரக்காரர், அரிசி மண்டி வைரக்கண்ணு, அத்தர் கடை மீரா சாகிப் என்று எல்லோரும் சட்டத்துக்குள் ஜமீன்தார்களைப் போல முறைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை சாக்கடை ஓரம் உட்கார்ந்து ஈ ஓட்டியவர்கள்தாம். படங்களுக்குக் கீழே பழைய மார்க்கெட்டின் வரைபடம் இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் பெயர் போட்டிருந்தார்கள். தென்மேற்கு மூலையில் மட்டும் 'இதர வியாபாரங்கள்' என்று இருந்தது. அப்படிப் போடச் சொன்னவர் குழந்தைராஜ்.

அந்த 'இதர'வின் பெயர் அருள்மேரி. நாகப்பட்டினத்திலிருந்து கூடை கூடையாக நெத்திலியும் வாளையும் கொண்டுவந்து, அந்த மூலையில் பனைமட்டையால் காக்காயையும் பூனையையும் விரட்டியபடி ஆயுசு முழுக்கக் கருவாடு விற்றவள். எடை போட்டு முடித்ததும் ஒரு பிடி அள்ளிப் பையில் கொசுறாகப் போடுவாள். குழந்தைராஜைப் பெற்றவள் அவள்தான். அவரோ, குடும்பத் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், "கடல் பொருள் வர்த்தகம்" என்பார். ஊரும் மரியாதையாகத் தலையாட்டும்.

கடை திறந்த முதல் வாரமே பில் போடும் பெண் ஜெனிட்டா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், சோப்பு வரிசையில கருவாட்டு வாசனை வருது."

சோப்பு வரிசை இருந்தது தென்மேற்கு மூலையில். குழந்தைராஜ் போய் நின்று மூச்சை இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

ஆனால் ஊழியருக்குத் தெரிவது முதலாளிக்குத் தெரியாமல் போகலாமா? "ஆமா, லேசா வருது," என்றார். அன்றிலிருந்து அவர் மூக்கைச் சுளிக்கப் பழகினார். மற்றவர்கள் சுளித்த பிறகு, சற்றே பிந்தி.

மெக்கானிக் எல்வின் ஏ.சி.யைக் கழற்றி மாட்டினான். எலி பிடிப்பவர் வந்தார். பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளித்தார். தெளித்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விடைபெற்றார். பினாயில் கேன் கேனாக ஊற்றப்பட்டது. எதற்கும் அது அசையவில்லை.

பிற்பகலில் கரண்ட் போகும்போதுதான் அது எழுந்து வந்தது. அந்த வருஷங்களில் கரண்ட் ஒருநாளும் தவறாமல் போனது. நாட்டில் வேறெதுவும் அவ்வளவு நேரம் தவறாமல் நடக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, ஜன்னல் இல்லாத கடைக்குள் இருட்டு கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்து நிற்கும். ஜெனரேட்டர் உறுமுவதற்குள் அந்த வாசனை கிளம்பும். காய்ந்த உப்பு, வெயில், நனைந்த சாக்கு. வரிசை வரிசையாக மெதுவாக நடந்து வரும்.

கூடவே ஒரு சத்தம்.

டொப்.

டொப்.

பனைமட்டையால் தரையைத் தட்டுவது போல.

விளக்கு வந்ததும் பார்த்தால் பளிங்குத் தரையில் கல்லுப்பு சிதறிக் கிடக்கும். வாசல் கண்ணாடிக்கு வெளியே பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றும் கத்தாது. உள்ளே யாரோ குறுக்கும் நெடுக்கும் நடப்பது போல எல்லாத் தலைகளும் ஒன்றாக இடம் வலமாகத் திரும்பும்.

ஒருநாள் இசைவாணி டீச்சர் வாங்கிய பையோடு திரும்பி வந்தார்.

"நான் வாங்குனது துவரம்பருப்பும் புளியும். வீட்ல போய்க் கொட்டுனா ஒரு பிடி நெத்திலி இருக்கு. வெள்ளிக்கிழமை அதுவுமா. எங்க மாமியார் என்னையப் பாத்த பார்வை இருக்கே."

ஜெனிட்டா பில்லைப் பார்த்தாள். "நெத்திலிக்குப் போடலைங்களே டீச்சர்."

"போடலைதான். கொசுறு மாதிரி இருந்துச்சு. அதான் யாரு போட்டதுன்னு கேக்க வந்தேன்."

'கொசுறு கேட்காதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு குழந்தைராஜ் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒவ்வொரு பையாகப் புகார் வந்தது. அப்புறம் புகாரும் நின்றது. வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள்.

மீரா சாகிப் மட்டும் நிற்கவில்லை. ஏ.சி.க்காகவும் சுவரில் இருக்கும் தன் படத்துக்காகவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்துவிடுவார். அன்றும் படத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, உங்கம்மா வாசனை இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

குழந்தைராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்த அம்மா, பாய்?"

"உங்களுக்கு எத்தனை அம்மா? அருள்மேரிதான். பக்கத்துக் கடை வச்சிருந்தவனுக்குத் தெரியாதா. இந்த நாத்தத்துல எவன் அத்தர் வாங்குவான்னு தினம் சண்டை போடுவேன். உள்ளதைச் சொன்னா, அங்க கருவாடு வாங்குனவங்கதான் நேரா எங்கிட்ட வந்து ரெண்டு சொட்டு கூடப் பூசிக்கிட்டுப் போவாங்க. நான் பொழச்சதே அந்தப் புண்ணியவதியாலதான்."

"ஊர்ல யாருக்கும் இது..."

"யாருக்குத் தெரியாது? கடல் பொருள் வர்த்தகம்னு நீங்க சொன்னப்போ யாராச்சும் சிரிச்சோமா தம்பி? அடக்கிக்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா."

குழந்தைராஜ் பில் போடும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாய், எனக்கு வரல."

"என்ன வரல?"

"வாசனை. ஒருநாளும் வந்ததில்ல."

மீரா சாகிப்பின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

கருவாட்டுச் சாக்கில் படுத்து வளர்ந்த பிள்ளைக்கு அது வாசனையே அல்ல, வெறும் காற்று. பள்ளிக்கூடத்தில் பையன்கள் மூக்கைப் பிடித்தபோது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் பிடித்தார். குவைத்துக்கு அம்மா ஆசையாக அனுப்பிய பார்சலை அறைக்காரர்கள் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். அன்றே போனில் அம்மாவிடம் சொன்னார்: "இனிமே அனுப்பாத. நாறுது."

அவருக்கு நாறவில்லை. மற்றவர்கள் சொன்னதைச் சொன்னார்.

அடுத்த லீவில் வந்தபோது அருள்மேரி வாசலிலேயே இரண்டு கை தள்ளி நின்றாள். சீயக்காயும் சோப்பும் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் உரிந்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு உடனே விலகிப் போனாள். வந்த நாளிலிருந்து கிளம்பும்வரை மகனைத் தொடவில்லை. அவள் செத்துப்போனபோது அரபி லீவு தரவில்லை என்று குழந்தைராஜ் எல்லோரிடமும் சொன்னார். அவர் லீவே கேட்கவில்லை.

கரண்ட் போனது.

"ஜெனரேட்டர் போட வேணாம்," என்று இருட்டில் அவர் குரல் கேட்டது.

அலமாரிகளைத் தடவியபடி சோப்பு வரிசைக்கு நடந்தார். காலடியில் கல்லுப்பு நறநறத்தது.

டொப்.

டொப்.

நின்றுவிட்டது.

"ஜெனிட்டா," என்று கிசுகிசுத்தார். "இப்ப எங்கேருந்து வருது?"

ஜெனிட்டா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தாள். செல்போன் வெளிச்சத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்கு முன்னாடிதான் சார். ஆனா கிட்ட வரல. ரெண்டு கை தள்ளி நிக்குது."

குழந்தைராஜ் கையை நீட்டினார். விரல்கள் ஏ.சி. விட்டுப்போன குளிரைத்தான் தொட்டன.

"கிட்ட வாம்மா," என்றார். "நாறல. எனக்கு எப்பவும் நாறினதில்ல."

ஒரு சோப்புக் கட்டி அலமாரியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"சார்." ஜெனிட்டாவின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "கிட்ட வந்துருச்சு. உங்க மேலதான் இருக்கு."

கண்ணாடிக்கு வெளியே பூனைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அவருடைய மார்புக்கு நேரே, குட்டையான ஒருத்தியின் தலை சாய்ந்திருக்கக்கூடிய இடத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

குழந்தைராஜ் கண்ணை மூடி, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்தார்.

பினாயில் வாசனைதான் வந்தது.