நாற்பதாயிரம் பேரைக் காணவில்லை!

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது.

"மாமா... உடனே வாங்க! ஆளுங்களைக் காணோம்!"

அவருடைய மச்சினி!

"எத்தனை பேரும்மா?"

"நாப்பதாயிரம்!"

பத்தே நிமிடத்தில் ஜீப் அவள் அலுவலக வாசலில் நின்றது.

அவள் கணிப்பாளர். ஆன்லைன் விளையாட்டுகளை எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று சொல்வது வேலை. கம்பெனிக்காரர்களைக் கேட்டால் வாய் கூசாமல் புளுகுவார்கள். அதனால் அவள் ரசிகர்களின் அரட்டைப் பக்கத்தை எண்ணுவாள். ஒருவன் எழுதினால் நூறு பேர் ஆடுகிறார்கள் என்று அர்த்தம். இதுவரை பிசகியதே இல்லை.

இன்று ஒரு குதிரைச் சண்டை விளையாட்டின் அரட்டைப் பக்கத்தில் ஈ, காக்கை இல்லை!

"கடைசியா யார் பார்த்தது?" இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார்.

"நான்தான். நேத்து நானூறு பேர் எழுதினாங்க. எல்லாரும் கெட்ட வார்த்தையில திட்டிட்டு... நல்லாத்தான் இருந்தாங்க மாமா!"

"விரோதம் ஏதாவது?"

"தினமும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்குவாங்க..."

இன்ஸ்பெக்டர் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

"அஞ்சு மணிக்கு நான் எண்ணிக்கை அனுப்பணும் மாமா. பத்தாயிரத்துக்குக் கீழ போனா, பணம் போட்ட முதலாளி விளையாட்டையே மூடிடுவார். ஒருத்தன் மூணு வருஷம் உயிரைக் குடுத்துச் செஞ்சது... பூஜ்யம்னு எப்படி எழுதுவேன்?"

அவளுக்கு அழுகை முட்டியது. மணி 4.40.

கதவு படாரென்று திறந்தது!

விளையாட்டைச் செய்தவன். முகமெல்லாம் பல்.

"மேடம்! அந்தப் பாலத்தைச் சரி பண்ணிட்டேன்! இனிமே குதிரை மாட்டிக்காது!"

இன்ஸ்பெக்டர் லேசாக இருமினார்.

"எந்தப் பாலம்?" என்றாள் அவள்.

"எல்லாரும் திட்டுவாங்களே... அதான்!"

அவளுக்குப் பொறி தட்டியது.

"அடப்பாவி! நீதானா?"

இன்ஸ்பெக்டர் விலங்கை உருவினார்.

"இருங்க மாமா! எவனும் காணாமப் போகலை. திட்ட ஒண்ணும் இல்லைன்னதும் எல்லாரும் பேசாம ஆடிட்டு இருக்காங்க!"

"அப்ப அப்படியே எழுதிடு!"

"நான் பேச்சை எண்ணுறவ மாமா. சந்தோஷத்தை எண்ண எனக்குத் தெரியாது."

செய்தவனின் பல் மறைந்தது. "நான் என்ன மேடம் பண்ணட்டும்?"

"பாலத்தை உடை!"

பெற்ற பிள்ளையின் காலை ஒடிப்பவன் போல அவன் கீபோர்டைத் தட்டினான்.

4.52... 4.53...

டிங்!

'நாசமாப் போறவனே! குதிரை மறுபடி மாட்டிக்கிச்சு!'

டிங்! டிங்! டிங்!

நூறு... முந்நூறு... அறுநூறு!

"அறுபதாயிரம்!" அவள் கத்திக்கொண்டே அனுப்பினாள். பாலம் சரியாகிவிட்ட சேதி பரவி, புது ஆட்களும் சேர்ந்திருக்கிறார்கள்!

முதலாளியின் பதில் ஒற்றை வரி. 'மூடவில்லை.'

செய்தவன் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். சந்தோஷ அழுகை.

"மாமா, ஜெயிச்சிட்டோம்!"



திரும்பினாள்.

இன்ஸ்பெக்டரின் நோட்டு தரையில் கிடந்தது. கையில் செல்போன். கட்டைவிரல் கெட்ட வார்த்தைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"மாமா... நீங்களுமா?"

"சீக்கிரம் பாலத்தைக் கட்டச் சொல்லும்மா! பின்னாடி கமிஷனர் வர்றாரு... கத்தியோட!"