தெளிவாக விழுந்த படம்

"என் வீட்டுக்காரரோட மூளையை யாரோ மாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

சாவிக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் இரண்டே நாற்காலிகள். ஒன்றில் துப்பறிவாளர் அறுந்த செருப்பு வாரை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். மற்றதில் அவருடைய மச்சினன். வேறு வேலை கிடைக்காததால் உதவியாளன் ஆனவன், அக்காவின் உத்தரவு. எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மூளையை எப்படி மாற்றுவார்கள் என்று குழம்பியபடி சுவரில் சாய்ந்தான்.

"மூளையையா, மூளைப் படத்தையா?" என்றார் துப்பறிவாளர்.

"படத்தைத்தாங்க."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும்போது மேலிருந்து விழுந்து தலையில் அடி. கண் திறந்திருக்கிறது, பார்வை எதிலும் நிற்பதில்லை. பேச்சு இல்லை. இடது கால் மட்டும் ஓயாமல் உதறும்.

"போன மாசம் ஸ்கேன் மெஷின்ல படுக்க வச்சு, 'உங்க வீட்டுக்குள்ள அறை அறையா நடக்கற மாதிரி நெனச்சுக்கங்க'ன்னு காதுல சொன்னாங்க. நெனச்சாருங்க! படத்துல பளிச்சுன்னு எரிஞ்சுது. இந்த வாரம் மறுபடி அதே டெஸ்ட். ஒண்ணுமே இல்லைங்கறாங்க. நாளைக்கு டாக்டருங்க உட்காந்து முடிவு பண்ணப்போறாங்க. ஆளே இல்லைன்னு சொல்லிட்டா, பயிற்சி வார்டுலேருந்து கடைசி வார்டுக்குத் தள்ளிடுவாங்க. அங்க புரட்டிப் போடறதோட சரி. ஒருத்தரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"கொழுந்தன் மேலதான். 'அண்ணன் போயாச்சு அண்ணி, உடம்புதான் கிடக்கு'ன்னு முதல் நாள்லேருந்து அதே பாட்டு."

"அன்னிக்குத் தூக்க மருந்து ஏதாவது குடுத்தாங்களா?"

"ஐயோ, மயக்கற மருந்தே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு எவ்வளவு சமத்தா இருந்தாருங்கறீங்க! போர்வைகூட விலகல."

துப்பறிவாளரின் ஊசி பாதி வழியில் நின்றது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டாக்டரம்மா இரண்டு படங்களைத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள். மச்சினன் எட்டிப் பார்த்தான். முதல் படம் ஓரமெல்லாம் கலங்கி, நனைந்த காகிதம் போல இருந்தது. ஆனால் அதில்தான் மூளை வேலை செய்த அடையாளம். இரண்டாவது கண்ணாடி மாதிரி தெளிவு. அதில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை.

"நல்ல படம் கெட்ட செய்தி சொல்லுது, கெட்ட படம் நல்ல செய்தி சொல்லுது. எனக்குத் தலை சுத்துது அத்தான்."

"சுத்தட்டும் மாப்ளே, அதுவும் ஒரு வேலைதான்" என்றவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "ரெண்டாவதுல காதோரமா ஏதோ எரியுதே?"

"அது சத்தத்தை வாங்கற இடம். மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ, அங்க ரத்தம் கூடுதலா பாயும். அதைத்தான் மெஷின் பிடிக்குது. சத்தம் உள்ள போயிருக்கு. பேச்சோட அர்த்தத்தைப் பிடிக்கற இடமும், வீட்டைக் கற்பனை பண்ற இடமும்தான் அணைஞ்சு கிடக்கு."

"காயம் மோசமானா இப்படி ஆகுமா?"

"ஆகலாம்."

"மயக்க மருந்து குடுத்தா?"

டாக்டரம்மா சற்று யோசித்தாள். "அப்பவும் இப்படித்தான் இருக்கும். மருந்து காதை அடைக்காது. சத்தத்தை வாசல் வரைக்கும் விட்டுட்டு, உள் கதவைச் சாத்திடும். ஆனா நாங்க எதுவும் குடுக்கலையே! ராத்திரி மாத்திரையைக்கூட ரெண்டு டெஸ்டுக்கும் நல்லா முன்னாடியே நிறுத்திட்டோம்."

மச்சினனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. கொழுந்தன்தான் என்று கிளம்பி, அவன் வேலை செய்யும் லாரி ஆபீஸுக்கே போய் விசாரித்துவிட்டு முகம் தொங்கத் திரும்பினான். சோதனை நாளன்று கொழுந்தன் பொழுது சாய்கிற வரை வெளியூரில். அப்படியானால் ஸ்கேன் ஆபரேட்டரோ? ஆபரேட்டர் எரிந்து விழுந்தான்.

"எனக்கென்னய்யா லாபம்? முதல் தடவை அந்த ஆளு காலை உதறி உதறிப் படத்தையே கெடுத்துட்டாரு. இன்னொரு தடவை இப்படி ஆடினா டெஸ்டே வேஸ்ட்டுன்னு அந்தம்மாகிட்ட நேராவே சொன்னேன்."

வார்டு நர்ஸ் இன்னும் கோபக்காரி. "என்னைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி, மூக்குக் குழாயை அடைச்சது யாருன்னு கண்டுபிடிங்க! டெஸ்ட் அன்னிக்கு மத்தியானம் பால் இறங்கவே இல்ல. உள்ள வெள்ளையா கட்டி கட்டியா கிடக்கு. நாங்க எதுவா இருந்தாலும் மாவா அரைச்சுக் கரைச்சுத்தான் ஊத்துவோம்."

"மாத்திரையெல்லாம் உங்ககிட்டயா இருக்கும்?" என்று துப்பறிவாளர் கேட்டார்.

"வீட்டுக்காரங்க வெளியில வாங்கிக் கட்டில் பக்கத்து அலமாரியில வச்சுப்பாங்க. நாங்க அதுலேருந்து எடுத்துக் குடுப்போம்."

"நிறுத்தின மாத்திரை?"

"அது அவங்க காசு போட்டு வாங்கினது. அங்கயேதான் கிடக்கும்."

மறுநாள், டாக்டர்கள் கூடுவதற்கு முன்பே, துப்பறிவாளர் எல்லாரையும் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்தார். போர்வை கால்மாட்டில் சுருண்டு கிடந்தது. இடது கால் உதறிக்கொண்டிருந்தது.

"இவர் முன்னாடியே எதுக்கு இந்தப் பஞ்சாயத்து? கேட்கவா போகுது?" என்றான் கொழுந்தன்.

"கேட்டா கேட்கட்டும். அவரைப் பத்தினதுதானே" என்ற துப்பறிவாளர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ரெண்டாவது படம் ஏன் இவ்வளவு தெளிவு? அன்னிக்குக் கால் உதறல. போர்வை விலகல. எப்பவும் உதறற கால் அந்த ஒரு நாள் மட்டும் ஓய்வெடுக்குமா? சத்தம் போயிருக்கு, அர்த்தம் போகல. குழாய்ல வெள்ளைக் கட்டி. எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுது. யாரோ மாத்திரையைக் கரண்டியால நசுக்கி, அரைகுறையா கரைச்சு ஊத்தியிருக்காங்க. நர்ஸ் அப்படிக் கரைக்க மாட்டாங்க. தம்பி ஊர்லயே இல்ல. அலமாரி யார் கையில இருக்கு? கால் ஆடினா டெஸ்ட் வேஸ்ட்டுன்னு ஆபரேட்டர் யார்கிட்ட சொன்னாரு?"

எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நான் மயக்க மருந்து குடுக்கலைங்க! சத்தியமா! ராத்திரி குடுக்கற அந்த உதறல் மாத்திரைதான் குடுத்தேன். அது காலுக்கு!"

"அது காலுக்குப் போய்க் காலைப் பிடிச்சுக்கறதில்லம்மா. மூளையை அமர்த்துது. அதனாலதான் கால் அமருது."

"நிறுத்துங்கன்னு சொன்னேனே தவிர, அதுவும் மயக்கற மருந்துதான்னு நான் சொல்லல" என்றாள் டாக்டரம்மா, தாழ்ந்த குரலில்.

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் துப்பறிவாளரைத் தேடிப் போனவள் அவள். இப்போது கேட்டாள்: "அன்னிக்கு மெஷினுக்குள்ள தள்ளறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அது அவருக்குக் கேட்டுதா?"

"சத்தம் கேட்டிருக்கும்" என்றார் துப்பறிவாளர். "நீங்கதான்னு தெரிஞ்சிருக்காது."

மச்சினனுக்கு அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

டாக்டரம்மா முடிவைத் தள்ளி வைக்கச் சொன்னாள். அலமாரி காலி செய்யப்பட்டது. உடம்பிலிருந்து மருந்து முழுக்க வடிந்த பிறகு மூன்றாவது சோதனை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கால் உதற, ஆபரேட்டர் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். படம் கலங்கலாகத்தான் வந்தது. ஆனால் நடக்கச் சொன்னபோதெல்லாம் எரிந்தது. ஓய்வெடுக்கச் சொன்னபோதெல்லாம் அணைந்தது.

"இப்ப கேள்வியே கேட்கலாம்" என்றாள் டாக்டரம்மா. "ஆமான்னா வீட்டுக்குள்ள நடக்கட்டும். இல்லைன்னா சும்மா இருக்கட்டும். நீங்களே கேளுங்க."

மனைவி மைக்கைப் பிடித்தாள். வலிக்கிறதா என்று கேட்பாள், தன்னைத் தெரிகிறதா என்று கேட்பாள் என மச்சினன் எதிர்பார்த்தான்.

"மாத்திரை குடுத்தது நான்தான்னு அன்னிக்கு இவங்க பேசினதைக் கேட்டிருப்பீங்க. என் மேல கோபமா?"

கணினி தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. திரையில் அந்த இடம் எரிந்தது. டாக்டரம்மா சந்தேகத்துக்கு மறுபடி கேட்கச் சொன்னாள். மறுபடி எரிந்தது. "கோபம் இல்லைதானே?" என்று மாற்றிக் கேட்டபோது இருட்டாகவே கிடந்தது. கோபம்தான்.

கொழுந்தன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். "அண்ணன்..." என்றான்.

அந்தப் பெண்ணின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா? ஆறுதல் சொல்வதா, வாழ்த்துச் சொல்வதா? மச்சினனுக்குப் பிடிபடவில்லை.

அவள் மைக்கை வாய்க்கு அருகில் இழுத்தாள்.

"நல்லா கோபப்படுங்க" என்றாள். "எவ்வளவு வேணும்னாலும் படுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."